திருப்பிச் சொல்ல வைத்த மிஸ்ஸி

ஆசுபத்திரியில் எத்தனையோ நேர்ஸ் மிஸ்ஸிமாரைக் கண்டிருக்கிறேன். மருந்தைக் கையில் தந்துவிட்டு "விளங்கிட்டா?" என்று கேட்பார்கள். நாமும் "ஓம் மிஸ்ஸி" என்போம். அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போவார்கள், நாம் வீட்டுக்குப் போவோம். விளங்கியதா இல்லையா என்பது நமக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் உள்ள விஷயம். எல்லாருக்கும் வசதியான ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டைக் குழப்பியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு ஆள்தான். அவரை நினைத்தால் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு மூக்கு நுனியில் கோபம் வருகிறது.

அவர் "விளங்கிட்டா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இப்ப நான் என்ன சொன்னன்? உங்கட வாயால சொல்லுங்க பாப்பம்" என்பார். நாம் முழிப்போம். அவர் முதலில் இருந்து தொடங்குவார்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் தபால் கந்தோரில் வேலை செய்தவன். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் எனக்குப் பெயர் போஸ்ட் மாஸ்டர்தான். வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால், ரோட்டு லைட் எரியாவிட்டால், உதவிப் பட்டியலில் பெயர் விடுபட்டால், மனு எழுத என்னிடம்தான் வருவார்கள். என் மனு போனால் வேலை நடக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிப்பட்ட என்னை, ஆசுபத்திரி வாட்டு நிறையச் சனம் பார்த்துக்கொண்டிருக்க, மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல எழுப்பி வைத்துப் பாடம் ஒப்புவிக்கச் சொன்னவர் அவர்.

நாங்கள் அந்த வாட்டுக்குப் போனது என் பெண்சாதியின் காலுக்காக. அவளுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து பதினைந்து வருஷம் இருக்கும். கால் விறைக்கிறது என்று ஒரு மழைநாளில் செங்கல்லைச் சுட்டுச் சீலையில் சுற்றி இடது காலுக்குக் கீழே வைத்திருக்கிறாள். விறைத்த காலுக்குச் சூடு எங்கே தெரியப்போகிறது? கொப்புளம் போட்டு உடைந்து, அதன் மேல் ஓதின எண்ணெய் பூசி, சுண்டுவிரல் கறுத்த பிறகுதான் என்னிடமே சொன்னாள். விரலை எடுத்தார்கள். புண் மேலே ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போனார். அந்த மூன்று கிழமையும் கால் நிற்குமா போகுமா என்பதைத் தவிர எங்கள் வீட்டில் வேறு கதை இல்லை.

மிஸ்ஸி காரைதீவுக்காரி. ஐம்பதை நெருங்கிய, ஒல்லியான மனிசி. குரல் பெரிதாக இருக்காது, ஆனால் விடாது. டொக்டர்மாரின் ரவுண்ட் முடிந்ததும் அவருடைய ரவுண்ட் தொடங்கும். கட்டில் கட்டிலாகப் போவார்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"நல்லம் எண்டார் மிஸ்ஸி."

"எது நல்லம்?"

யாருக்குத் தெரியும் எது நல்லம் என்று? டொக்டர் சிரித்த முகத்தோடு போனார், அது போதாதா?

"அவர் சொல்லக்குள்ள நீங்க ஏன் கேக்கல்ல?"

"அவர் பெரிய டொக்டர் மிஸ்ஸி."

"பெரிய டொக்டர் உங்கட வருத்தத்தப் பாக்கத்தான் வந்தவர். நாளைக்கு வந்தா இத நீங்க கேக்கணும். என்னெண்டு கேப்பீங்க? சொல்லுங்க பாப்பம்."

இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி கட்டிக் கொடுப்பார். மறுநாள் காலை ரவுண்டில் பன்னிரண்டு பெண்கள் பன்னிரண்டு கேள்வி கேட்டால் என்ன ஆகும்? டொக்டர் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு மிஸ்ஸியைப் பார்ப்பார். மிஸ்ஸி யன்னலைப் பார்ப்பார். வாட்டுக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டர் பல்லைக் கடிப்பது வாசலில் நின்ற எனக்கே தெரியும்.

ஒருதரம் சம்மாந்துறைப் பக்கத்து மனிசி ஒருத்தி பிரஷர் ஏறி மயங்கி வந்தாள். குளிசை ஒழுங்காகப் போடுகிறேன் என்று எல்லா டொக்டருக்கும் சத்தியம் பண்ணினாள். மிஸ்ஸி அவள் மகளிடம் சொல்லிக் குளிசைப் பையைக் கொண்டுவரச் செய்து, கட்டிலில் கொட்டி, "இதுல நேத்து எதப் போட்டீங்க, முந்தநாள் எதப் போட்டீங்க?" என்று துருவினார். கடைசியில் பார்த்தால், தலையிடிக்கிற நாளில் மட்டும்தான் போட்டிருக்கிறாள். தலையிடி இல்லாத நாளில் குளிசையை ஏன் வீணாக்குவது என்பது அவள் நியாயம். அதைச் சொல்லிவிட்டு அவள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் எல்லாரும் சரி என்றுதான் தலையாட்டினோம். மிஸ்ஸிக்கு அன்று மத்தியானச் சோறு மூன்று மணிக்கு.

இன்னொரு வயசான உம்மாவை அழவே வைத்துவிட்டார். மூன்று குளிசை, மூன்று நேரம். அந்த மனிசி மாற்றி மாற்றிச் சொன்னாள். மிஸ்ஸி விடவில்லை. நாலாம் முறை அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். எனக்குக் கொதித்தது. மிஸ்ஸி தன் கைலேஞ்சியை எடுத்து அவள் கண்ணைத் துடைத்து, முதுகைத் தடவி, தண்ணீர் குடிக்க வைத்தார். மனம் மாறிவிட்டார் என்று நினைத்தேன். "சரி, அழுது முடிஞ்சிதானே. இப்ப வெள்ளைக் குளிசை எப்ப?" என்றார்.

என் பெண்சாதியிடம் அவர் பிடித்த பிடியைச் சொல்ல வேண்டும். நாங்கள் போன மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, புண் இல்லாத வலது காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டின காலை விட்டுவிட்டு நல்ல காலில் இவருக்கு என்ன வேலை என்று நினைத்தேன். விரலிடுக்கெல்லாம் வெளுத்து ஊறிப்போய், இரண்டு இடத்தில் வெடிப்பும் இருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தின தரம் கால் நனையும்?" என்று கேட்டார்.

"ஒருதரம். குளிக்கக்குள்ள மட்டும்" என்றாள் பெண்சாதி.

"ஒருதரம்தான்" என்று நானும் சாட்சி சொன்னேன்.

"ஒருதரம் நனையிற கால் இப்பிடி ஊறாது. காலம எழும்பினதில இருந்து சொல்லுங்க. ஒண்டும் விடாம."

"சுபஹுக்குப் பாங்கு சொல்லக்குள்ள எழும்புவன். ஒளு எடுத்துத் தொழுவன்."

"ஒளு எடுக்கிறதெண்டா என்னென்ன செய்யிற? எனக்குத் தெரியா. சொல்லித் தாங்க."

பெண்சாதிக்கு உற்சாகம் வந்துவிட்டது. தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தமாவதைக் குர்ஆன் மதரசாவில் சொல்லிக் கொடுப்பது போல ஒழுங்காகச் சொன்னாள். "கை கழுவி, வாய் கொப்பளிச்சி, மூக்குக்குத் தண்ணி விட்டு, மூஞ்ச கழுவி, முழங்கை வரைக்கும் கழுவி, தலையத் தடவி, மறுகா கால். கரண்டை வரைக்கும், மூண்டு தரம்."

"கழுவிட்டுத் துடைப்பீங்களா?"

"இல்ல. அப்பிடியே பாயில நிண்டு தொழுவன்."

மிஸ்ஸி ஒரு விரலை நிமிர்த்தினார். அவள் லுஹர் என்றாள், இரண்டாம் விரல் நிமிர்ந்தது. அசர், மஹ்ரிப், இஷா. ஐந்து விரலும் நிமிர்ந்த கையை அவள் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "அப்ப ஏன் ஒருதரம் எண்டு சொன்னீங்க?" என்று கேட்டார்.

பெண்சாதி உண்மையாகவே திகைத்துப் போனாள். "நீங்க கால் கழுவுறதத்தானே கேட்டீங்க மிஸ்ஸி. இது ஒளு."

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அவள் மேல் இல்லை. நாற்பது வருஷம் அவளோடு ஒரே பைப்பில் ஒளு எடுத்தவன் நான். எனக்கும் அது காலை நனைப்பதாகப் படவே இல்லை. எங்களுக்கு ஒளு தண்ணீர்க் கணக்கில் வராது. இரண்டு மூன்று டொக்டர்மார், அவர்களும் எங்கள் ஆட்கள்தான், ஐந்து வேளை தொழுகிறவர்கள்தான், காலை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். நாங்களும் ஓம் என்று சொல்லியிருக்கிறோம். காரைதீவில் இருந்து நெற்றியில் பொட்டோடு வந்த ஒரு மனிசி அதைக் கண்டுபிடிப்பதென்றால் யாருக்குத்தான் ரோசம் வராது?

அதோடு விட்டாரா? மறுநாள் வேலைக்கு வருகிற வழியில் பள்ளிவாசலடியில் இறங்கி மௌலவியைக் கண்டிருக்கிறார். "கட்டுப் போட்ட காலுக்கு மேலால ஈரக்கையால தடவினாப் போதுமாம். மத்தக் காலக் கழுவலாம். கழுவிட்டு விரலுக்கு விரல் துவாயால துடைக்கணும். துடைச்சா ஒளு முறியாதாம். அவர் சொன்னத நான் ஒருக்காத் திருப்பிச் சொல்லிக் காட்டிட்டுத்தான் வந்தன்" என்றார். எங்கள் சட்டத்தை எங்களுக்கே கொண்டுவந்து தந்துவிட்டு, "இப்ப சொல்லுங்க பாப்பம்" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். அதுதான் பெரிய அநியாயம். வீட்டில் போய் ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, இரவில் படுக்கப் போகும் முன் இரண்டு காலையும் பிடித்துப் பார்ப்பது, இதையெல்லாம் நான் படிக்க வேண்டுமாம்.

"எனக்கு ரெண்டு மகள் இருக்காங்க மிஸ்ஸி" என்றேன்.

"எங்க இருக்காங்க?"

"மூத்தவ மாப்பிள்ளையோட கட்டார்ல. மத்தவ முன்வீட்டுல. டீச்சர்."

"டீச்சர் எத்தின மணிக்குப் பள்ளிக்கூடம் போவா?"

"ஏழு மணிக்கு."

"அப்ப காலைச் சாப்பாட்டுக்கு முன்னுக்கு ஊசி ஆரு போடுற?"

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுடையது. கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வாழப் போவான். முன்வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு நாங்கள் பின்னால் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். எந்த வீட்டிலும் எனக்குக் குசினியில் அலுவல் இருந்ததில்லை. சீனிப் போத்தல் எந்தத் தட்டில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அதையும் கேட்டார் அந்த மனிசி. தெரியாது என்றேன். "நாளைக்கு வரக்குள்ள பாத்துட்டு வாங்க" என்றார்.

பெண்கள் வாட்டில் ஆண்களுக்குப் பார்வை நேரத்தில் மட்டும்தான் இடம். அதைச் சொல்லித் தப்பலாம் என்று பார்த்தேன். நான் கேட்காமலே பெரிய சிஸ்டரிடம் சண்டை பிடித்து, காலை பத்து மணிக்கு வர எனக்கு ஒரு பாஸ் எடுத்து வைத்திருந்தார். வேலியால் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்ட கதைதான். முதல் கிழமை கத்தரிக்காய்க்கு ஊசி போட்டேன். மிஸ்ஸியின் பையில் எப்போதும் இரண்டு கத்தரிக்காய் இருக்கும். காற்றுக் குமிழி இருந்தால் திரும்ப, சரித்துக் குத்தினால் திரும்ப. பக்கத்துக் கட்டில் பெண்கள் முக்காட்டுக்குள் சிரிப்பார்கள்.

ஒருநாள் தண்ணீர்ப் பேசினில் பெண்சாதியின் காலைப் பிடித்துக் கழுவிக்கொண்டிருக்கும்போது அவளுடைய தம்பி வந்துவிட்டான். எதையும் வாய்க்குள் வைத்திருக்கத் தெரியாதவன். "என்ன மச்சான், புது உத்தியோகம் கிடைச்சிட்டுப் போல" என்றான்.

நான் தலையைத் தூக்கவில்லை. மிஸ்ஸி அவனைப் பார்த்து, "நீங்களும் இருங்க. இவருக்குக் காய்ச்சல் வந்தா ஆரு பாக்கிற?" என்று அவன் கையில் துவாயைக் கொடுத்தார். அந்த மனிசியால் எனக்கு மூன்று கிழமையில் கிடைத்த ஒரே சந்தோஷம் அது.

துண்டு வெட்டி எங்களை வீட்டுக்கு விட்ட நாளில் காலை பத்து மணிக்கே எல்லாம் ஆயத்தம். மகள் லீவு போட்டு வந்திருந்தாள். ஓட்டோ வெளியே நின்றது. மிஸ்ஸி கிளினிக் கொப்பியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"கிளினிக் நாள் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டு இராம உடன ஓடி வரணும். எப்ப எப்ப?"

"காய்ச்சல் வந்தா. சீழ் வந்தா. மணத்தா. சிவப்பு மேல ஏறினா" என்றேன்.

"இன்னொண்டு இருக்கு."

எனக்கு வரவில்லை. பன்னிரண்டு மணிக்கும் வரவில்லை. இடையில் மற்ற நோயாளிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கேட்டார், அப்போதும் வரவில்லை. ஒரு மணிக்கு நான் கத்தினேன். பெண்சாதி கட்டிலில் இருந்து, "நோகல்ல எண்டு நான் சொன்னாலும் நம்பாம, கண்ணால பாத்து வித்தியாசம் இருந்தா" என்று மெல்லச் சொன்னாள். மிஸ்ஸி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவவுக்குத் தெரியும். உங்கட வாயால" என்றார். சொன்னேன். வேறு என்ன செய்வது?

அதற்குப் பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். ஆசுபத்திரிச் சேவையில் நோயாளருக்குத் திருப்தியா என்று ஆறு கேள்வி. நான் ஒரே மூச்சில் ஆறுக்கும் 'மிகத் திருப்தி' என்று அடையாளம் போட்டுக் கொடுத்தேன். தபால் கந்தோரில் எத்தனை ஆயிரம் படிவம் பார்த்தவன், இதைக்கூட வாசிப்பேனா?

மிஸ்ஸி பார்த்தார். "இது பொய் ஐயா."

"என்ன பொய்?"

"மூண்டு கிழமையா என்னோட சண்டை. இப்பவும் கத்தினீங்க. எல்லாரும் இப்பிடி நல்லம் நல்லம் எண்டு போட்டா எங்களுக்கு எப்பிடித் தெரியும் எங்க பிழை எண்டு? பின்பக்கம் வெறுமையாக் கிடக்கு. உள்ளத எழுதுங்க." தன் பேனையையும் தந்தார்.

அந்த வாட்டு எப்போதும் திருப்திப் புள்ளியில் கடைசி என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். மற்ற வாட்டுகளில் அட்டெண்டன்ட்மாரே அடையாளம் போட்டுக் கட்டிக் கொடுத்துவிடுவார்களாம். இந்த ஒரு வாட்டில்தான் நோயாளரின் குறை நோயாளரின் கையெழுத்தில் போகும்.

எழுதச் சொன்னது யாரிடம்? என்னிடம். பசி வேறு. பின்பக்கம் போதாமல் இன்னொரு தாளும் கேட்டு வாங்கினேன். வயது வந்தவர்களைச் சிறுபிள்ளைகள் போல் நடத்துகிறார் என்று எழுதினேன். துண்டு வெட்டியவர்களை மணிக்கணக்கில் மறித்து வைக்கிறார் என்று எழுதினேன். வயோதிப மாது ஒருவரை அழவைத்தார் என்று எழுதினேன். அத்தனையும் உண்மை. முடிவில், 'இவ்வாறான ஒருவர் நோயாளருக்கு ஆறுதலா அல்லது இன்னொரு நோயா என்பதை மேலிடமே தீர்மானிக்கட்டும்' என்று ஒரு வரி வைத்தேன். அந்த வரியில் எனக்குப் பெருமையும் இருந்தது. மிஸ்ஸி வாசிக்காமலே மடித்துப் பெட்டிக்குள் போட்டார்.

"வாசிக்கல்லையா?"

"எனக்கு எழுதினது இல்லதானே" என்றார். பிறகு பெண்சாதியை ஓட்டோ வரை சக்கரக் கதிரையில் தள்ளிக்கொண்டு வந்தார்.

வீட்டில் அவருடைய தொல்லை இன்னும் கூடியது. ஊசியைக் கையில் எடுத்தால் குமிழி பார் என்று காதுக்குள் அந்தக் குரல். ஒவ்வொரு ஒளுவுக்குப் பிறகும் நான் துவாயோடு பைப்படியில் நின்றேன். இரண்டாம் மாதம் ஒரு இரவு பெண்சாதி நோகவில்லை என்றாள். எனக்கும் நித்திரை தூக்கியது. படுத்துவிட்டு, தூங்க முடியாமல் எழும்பி லைட்டைப் போட்டுப் பார்த்தேன். பழைய புண்ணின் ஓரத்தில் ஒரு புளியங்கொட்டை அளவு கறுப்பு. விடியவே கொண்டு ஓடினோம். "ரெண்டு நாள் பிந்தி இருந்தா கால் இல்ல" என்றார் டொக்டர். சுத்தம் செய்து, மருந்து மாற்றி, ஒரு கிழமை வைத்திருந்து விட்டார்கள். அஞ்சாம் மாதம் புண் மூடியது.

ஆசுபத்திரியில் இருந்த அந்த ஒரு கிழமையும் மிஸ்ஸியைக் காணவில்லை. லீவில் இருக்கிறார் என்று நினைத்தேன். கடைசி நாளில் அட்டெண்டன்ட் பெண் ஒருத்தியிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியாதா மாஸ்டர்? மாத்தம் குடுத்திட்டாங்க. பொத்துவில் பக்கம்."

"ஏன்?"

"விசாரணை வெச்சாங்க. கட்டில் காலியாகுதில்ல எண்டு மேல உள்ளாக்களுக்கு முந்தியே அவவில கோவம். உங்கட கடிதத்தத்தான் வாசிச்சுக் காட்டினாங்களாம். மத்தாக்கள் ரெண்டு வரி எழுதுவாங்க. உங்கட நல்ல தமிழ்தானே."

ஓட்டோவில் வரும்போது பெண்சாதியிடம் சொன்னேன். அவளுக்கு நான் என்ன எழுதினேன் என்று அதுவரை தெரியாது. அந்தக் கடைசி வரியையும் சொன்னேன். இறங்கும்போது, "என்ட காலத் தந்த மனிசி அவ" என்றாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. காலை மட்டும் நீட்டுவாள், நான் மருந்து போடுவேன். ஊரில் ஒருத்தன், தமிழ் நேர்ஸை நம்மட மாஸ்டர் தூக்கிப்போட்டார் என்று இனச் சாயம் பூசிக் கதைத்தான். அவனுக்கு நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. ஆனால் அவன் அப்படிக் கதைக்க இடம் கொடுத்தது என் பேனைதான்.

புண் மூடிய கிழமையே இருவரும் பொத்துவில் பஸ் ஏறினோம். என் சட்டைப் பையில் ஒரு மனு இருந்தது. அவரை மீண்டும் எங்கள் பக்கம் எடுக்கச் சொல்லி மூன்று பக்கம். அவரிடம் காட்டிக் கையொப்பம் வாங்கி நானே சுகாதாரக் கந்தோருக்குக் கொண்டுபோவதாக எண்ணம். மன்னிப்புக் கேட்கவும் வரிகள் ஆயத்தம். அக்கரைப்பற்று தாண்டும்வரை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அது சின்ன ஆசுபத்திரி, வாட்டும் சின்னது. மிஸ்ஸி ஒரு மனிசிக்குக் கத்தரிக்காய் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பினார். நான் வாயைத் திறக்கும் முன் பெண்சாதியை மர வாங்கில் உட்கார வைத்து, செருப்பைக் கழற்றிக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துவிட்டார். தழும்பைத் தடவினார். விரலிடுக்கைப் பார்த்தார். காய்ந்திருந்தது. குதிக்காலில் ஒரு வெடிப்பில் அவர் விரல் நின்றது.

"இது எத்தின நாளா?"

"ரெண்டு நாள்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

"நாலு" என்றேன்.

"மிஸ்ஸி, அந்தக் கடிதம்..." என்று தொடங்கினேன். அவர் அதற்குள் வாட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டார். "இவர்தான் நான் சொன்ன போஸ்ட் மாஸ்டர். என்னப் பத்தி மேல எழுதினவர். மனிசிட கால இவர்தான் பாத்துக் காப்பாத்தினவர். பிடிக்காட்டி நீங்களும் இப்பிடி எழுதணும், விளங்காட்டி இப்பிடிச் சண்டை பிடிக்கணும்" என்றார். குத்திக் காட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அவர் குத்திக் காட்டவில்லை. பத்துப் பெண்களும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, செத்துப்போகலாம் போல நின்றேன். இப்படி ஒரு மனிசியிடம் எப்படி ஐயா மன்னிப்புக் கேட்பது?

மனுவை நீட்டினேன். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு மூன்று பக்கமும் ஆறுதலாக வாசித்தார். தியாகச் சுடர், தன்னலமற்ற சேவை, நோயாளரின் தாய், எல்லாம் எழுதியிருந்தேன்.

"இதுல நான் இல்லையே ஐயா" என்றார்.

"எல்லாம் உண்மைதானே மிஸ்ஸி."

"மகள் இந்த வருஷம் ஓ.எல். சோதனை எடுக்கிறாள். கிழமைக்கு ஒருநாள்தான் அவளப் பாக்கிறன். சமைச்சு வெச்சிட்டு வந்தா, அடுத்த கிழமை போகக்குள்ள பாதி அப்பிடியே கிடக்கும். இரவைக்குத் தனிய இருக்கப் பயப்படுறாள். எனக்கு வீட்ட போகணும்." அவர் குரல் கூடவும் இல்லை குறையவும் இல்லை. மூன்று பக்கத்தையும் என் கையில் திருப்பித் தந்தார். "அத எழுதுங்க."

அந்த வாங்கிலேயே உட்கார்ந்து எழுதினேன். அலங்காரம் வேண்டாம் என்றால் எனக்கு எழுத்து ஓடாது. அரை மணித்தியாலத்தில் நாலு வரி வந்தது. அவர் கையொப்பம் வைத்தார். மறுநாளே நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு இரண்டு தரம் ஞாபகக் கடிதம் போட்டேன். நேரில் போய்க் கத்தியும் பார்த்தேன். 'கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது' என்று ஒரு பதில் வந்தது.

அவருடைய மகள் தனியாக இருந்துதான் அந்தச் சோதனையை எழுதினாள். அவர் ஓய்வு பெறும்வரை பொத்துவில் பக்கம்தான் இருந்தார். நான் கோபத்தில் எழுதிய இரண்டு பக்கம் இரண்டு மாதத்துக்குள் வேலை செய்தது. என் மனு போனால் வேலை நடக்கும் என்று ஊரில் சொல்வது பொய்யில்லை.